என் பேருக்குப் போன பேச்சியக்காவுக்கு

கொட்டும் மழையில் எங்களை நனையவிட்டு, தன் வெற்றிலைப் பொட்டலத்தை மட்டும் நனையாமல் காப்பாற்றிய என் பேச்சியக்காவுக்கு,

இதை உனக்கு எழுதுவதாகத்தான் பேச்சு. ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், அக்கா. நம் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை ஒரு வருஷமாக ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அதில் முதல் ஆள் நான்தான்.

முதலில் வீட்டு நிலவரம். வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வரை நேரம். என் மகள் அனு பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, சாப்பிடத் தட்டு வேண்டுமே என்று மறுபடி அவிழ்க்கிறாள். அனு அப்பா என்னோடு சரியாகப் பேசி ஒன்பது நாளாகிறது. உன் மகள் நித்யாவும் பேசுவதில்லை. நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பாய். இல்லை.

கேரளத்தில் சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாழாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். லயம் என்பது எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். நாங்கள் இருக்கும் வீடு எங்களுடையது இல்லை. வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட்டில் பேர் இருக்க வேண்டும். பேர் என்றால் நிரந்தர வேலை. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் அந்தப் பேர் வாசிக்கப்பட வேண்டும், ஒருவர் பதில் சொல்ல வேண்டும். பேர் போனால் வீடும் போகும். என் அம்மா ஓய்வு பெற்றபோது அவள் இடத்தில் என் பேர் ஏறியது. உன் வீட்டுக்காரர் இறந்தபோது அந்த இடம் உனக்கு வரவில்லை, அவர் தம்பிக்குப் போனது. நீயும் நித்யாவும் அந்த வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டீர்கள். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் மட்டும் உன்னைத் தற்காலிக ஆளாகக் கூப்பிடுவார்கள்.

பேர் உள்ளவளுக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு நோவு, ஊரில் சாவு என்றால் பேர் இல்லாத ஒருத்தி அவளுக்குப் பதிலாகப் பெரட்டில் நிற்பாள். அன்றைய கூலி நின்றவளுக்கு. மற்றதெல்லாம் பேருக்கு உரியவளுக்கு. இதைத்தான் பேருக்குப் போவது என்போம். சூப்பர்வைசருக்குத் தெரியும். கொழுந்தின் எடை சரியாக இருந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். இரண்டு நாள், நாலு நாள் ஆபத்துக்கு உள்ள ஏற்பாடு அது. அதை நான் வருஷக்கணக்கில் இழுத்தேன்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. நர்சிங் பள்ளியில் அதற்கு மேல் ஒரு வருஷம் தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவள் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துப் பழகிய கை இது. அதன் பிறகு லயத்தில் யாருக்குக் கத்தி பட்டாலும், கொதிநீர் கொட்டினாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேறு எந்த வேலையும் எனக்கு அப்படிப் பிடித்ததில்லை.

வங்கியில் கடன் கேட்கப் போனபோது துணைக்கு நீ வந்தாய். மேனேஜர் பாரத்தைப் புரட்டிவிட்டு, "குட்டி எவிடே? குட்டி ஒப்பிடணும்" என்றார். பிள்ளை வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். படிக்கப் போவது என் பிள்ளை என்று நினைத்துவிட்டார். நீ என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இதான் சார் குட்டி" என்றாய். அவர் நன்றாகச் சிரித்தார். கடன் மட்டும் தரவில்லை.

முதல் வருஷப் பீசுக்கு என் சங்கிலி போனது. இரண்டாம் வருஷத்துக்கு, அனு அப்பா சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டும் ஜீப்பின் முதலாளியிடம் முன்பணம். மூன்றாம் வருஷத்துக்கு என் சர்வீஸ் பணம் என்று முடிவு செய்திருந்தோம். படிப்பு முடியும் நேரத்தில் வேலையை விட்டால் அது மொத்தமாக வரும், அதைக் காட்டி வெளியில் வாங்கிக் கட்டலாம் என்று நினைப்பு. அதுவரை பேர் அறுபடக் கூடாது, வீடும் இருக்க வேண்டும். ஆனால் நான் ஒரே நேரத்தில் மலைக்குக் கீழே பள்ளியிலும் மேலே தோட்டத்திலும் எப்படி இருப்பது? தேயிலைச் செடி நிரையில் நின்று இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ கொழுந்திலிருந்து கையை எடுக்காமலே பேசினாய்.

"ஏட்டி மகேசு, நீ போயிப் படி. ஒம் பேருக்கு நான் போறேன்."

"எத்தன நாளைக்குக்கா போவ?"

"நீ ஊசி போடப் படிக்கிற வரைக்கும். மொத ஊசி எனக்குத்தான் போடணும். தப்பாப் போட்டாலும் கேக்க மாட்டேன்."

இதைத் தியாகம் என்று யாராவது எழுதினால் நீ துப்புவாய். உனக்கும் அது தேவையாக இருந்தது. வருஷம் முழுக்கக் கூலி. நித்யாவைப் போடியில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். பேசியது இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. உன் கைவேகம் என்னைவிட அதிகம். முதல் வாரமே எடை பார்த்த சூப்பர்வைசர், "மகேஸ்வரிக்கு இப்பத்தான் கை ஓடுது" என்று உன்னிடமே கேலி பண்ணினார். அதை என்னிடம் பத்துத் தடவை சொல்லிச் சிரித்தாய்.

நான் திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் மலை இறங்கிப் போவேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் உட்காருவேன். சனிக்கிழமை சாயங்காலம் மேலே வந்தால், அந்த வாரம் படித்ததையெல்லாம் உன்மேல்தான் பார்ப்பேன். நாடி எண்ணப் பழகியது உன் மணிக்கட்டில். "எண்ணிச் சொல்லு, இன்னும் எத்தன வருசம் ஓடும்னு" என்பாய். பேசாமல் இரு, எண்ணிக்கை தப்புகிறது என்று அதட்டுவேன். இரண்டு நிமிஷம் நீ சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஓணத்துக்கு முன்னால் போனஸ் வந்தது. உன் கை எடுத்த கொழுந்துக்கு என் பேரில் வந்த போனஸ். "பாதி எனக்குத் தருவியாடி?" என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாய். விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். பீஸ் கட்ட வேண்டும் என்று சொல்லி, ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். "பூவு நல்லாருக்கு" என்று வாங்கிக்கொண்டாய். அதை நீ கட்டி நான் பார்க்கவே இல்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்கிற தைரியமும் எனக்கு இருக்கவில்லை.

போன ஆடியில் மூன்று நாளாகக் காற்று. அப்படிக் காற்றடித்தால் நிழல் மரங்களுக்குக் கீழே ஆளை நிறுத்தக் கூடாது. அன்று நிறுத்தினார்கள். பத்து மணி வாக்கில் கொப்பு முறிந்து உன் தலையில் விழுந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்க, சூப்பர்வைசர் கையிலிருந்த செக்ரோல் என்கிற வருகை நோட்டைப் பார்த்துச் சொன்னாராம், மகேஸ்வரி என்று. பதறிப்போன மனுஷன், நோட்டில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அந்தச் சீட்டு எழுதி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

யாரோ பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய், உங்கம்மா செத்துட்டாங்க என்று அனுவைக் கூட்டி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியை விலக்கிக் காட்டியபோது அவள், "இது எங்கம்மா இல்ல, பேச்சிப் பெரியம்மா" என்றாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். பதினோரு வயதுப் பிள்ளை, அம்மா சாகவில்லை என்ற சந்தோஷத்தில் சிரித்திருக்கிறாள். அப்படிச் சிரித்ததை நினைத்து இன்றைக்கும் அழுகிறாள். நீ பார்த்திருந்தால் அவளைத் திட்டியிருக்க மாட்டாய் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

நான் வந்து சேர மூன்று மணி ஆனது. உன்னைப் பின்கட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். ஆபீசிலிருந்து வந்த ஒருவர் நோட்டோடு நின்றார்.

"டெம்பரரி ஆளே எடுக்காத மாசத்துல இவங்க அங்க எதுக்குப் போனாங்க?"

பெண்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

"வெறகு பொறுக்கப் போயிருப்பாங்க" என்றேன்.

வாய் தவறி வந்தது, பதற்றத்தில் சொன்னது என்று ஒரு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பஸ்ஸிலேயே யோசித்துவிட்டேன். போடிமெட்டு ஏற்றத்தில், முன்சீட்டுக் கம்பியில் தலையை வைத்து உனக்காக அழுதுகொண்டே, என் பேரை எப்படிக் காப்பாற்றுவது என்றும் யோசித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிகிறது, அக்கா. அது எனக்கு அன்றுவரை தெரியாது.

என் சொல்லை அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். செக்ரோலில் அன்றைய தேதிக்கு என் பேருக்கு நேரே இருந்ததை அடித்து லீவு என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டும் மாறியது. நித்யாவிடம் சாவுச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேலையில் செத்திருந்தால் அவளுக்கு நஷ்டஈடு உண்டு. விறகு பொறுக்கப் போய்ச் செத்தால் ஒன்றும் கிடையாது. லயம் முழுக்க விறகு என்றே சொன்னது. பேருக்குப் போகிறவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்களே, வேறென்ன சொல்வார்கள்?

பதினாறு முடிந்த மறுநாள் நித்யா என் வாசலில் வந்து நின்றாள்.

"சித்தி, ஒங்க பேருக்கு ஆள் வேணுமில்ல? நான் போறேன்."

"காலேஜு?"

"பீசு யாரு கட்டுவா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நான் சரி என்றேன். இன்னும் ஒன்றரை வருஷம்தானே, படித்து முடித்துவிட்டு இவளுக்கு எல்லாம் செய்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு பெரிய மனுஷித்தனம் வேறு.

கீழே என்னை ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சிக்குப் போட்டார்கள். மாத்திரை கொடுக்கும் முன்னால் படுக்கையில் இருப்பவரிடம் பேர் கேட்க வேண்டும், சொன்ன பேரை நோட்டில் சரிபார்க்க வேண்டும். நாளைக்கு ஐம்பது தடவை பேர் கேட்பேன். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது அலுப்பான வேலை. எனக்கு ஒவ்வொரு தடவையும் பெரட்டு ஞாபகம் வரும்.

இந்த ஆடியில் லீவுக்கு மேலே வந்திருந்தேன். காலையில் நித்யா மழைத்தாளை மறந்துவிட்டுப் போயிருந்தாள், கொடுக்கலாம் என்று பெரட்டுக்குப் போனேன். தூரத்தில் வரும்போதே கேட்டது, "மகேஸ்வரி." என் வாய் திறந்துவிட்டது. அதற்குள் அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "இருக்கேன்" என்றாள். பத்தொன்பது வயதுப் பெண் இத்தனை சலிப்பாக ஒரு பேருக்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அடுத்த பேரைக் கூப்பிட்டார். அன்று அவளை அனுப்பியது உன்னை அனுப்பிய அதே பக்கத்துக்கு. மரங்கள் அப்படியேதான் நிற்கின்றன. காற்றும் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? நான் மறுபடியும் விறகு என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லுவேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அந்தப் பயம்தான் என்னை லேபர் ஆபீசுக்கு அனுப்பியது. நல்ல மனசு என்று நினைத்துவிடாதே.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றபோது அனு அப்பா கத்தவில்லை. "ஜீப்பு ஓட்டுற எனக்கு எந்தக் கம்பெனி வீடு குடுக்கும்? ஒரு வருசம் பொறுத்தவ இன்னும் ஆறு மாசம் பொறுத்தா என்ன? பாஸாயிட்டுப் போயிச் சொல்லேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறு மாதத்தில் நான் நர்ஸ், சர்வீஸ் பணம் கைக்கு வந்திருக்கும், வாடகை வீடு பார்த்திருக்கலாம். ஆனால் அந்த ஆறு மாதமும் நித்யா அந்த மரங்களுக்குக் கீழே நிற்க வேண்டும். அதைச் சொன்னேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

அதிகாரி முன்னால் வெறும் வாயால் சொன்னால் போதாது. நீ செத்த அன்று நான் வகுப்பில் இருந்தேன் என்று பள்ளியில் எழுதி வாங்க வேண்டும். பிரின்சிபால் என் மனுவை இரண்டு தடவை படித்தார். "வேற எடத்துல வேலையில இருந்துகிட்டே இங்க படிச்சேன்னு நீயே எழுதியிருக்க. புரிஞ்சுதான் எழுதினியா?"

"புரிஞ்சுதான் மேடம்."

வருகைப் பதிவேட்டின் நகலை, இரண்டரை வருஷத்துக்கும் சேர்த்தே, கொடுத்தார். மேலிடத்துக்கு இதை எழுதாமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். எஸ்டேட்டில் ஒரு நாளை அடித்துவிட்டார்கள், சரி. மற்ற நாட்களை என்ன செய்வார்கள்? அத்தனை நாளும் நான் வகுப்பிலும் இருந்திருக்கிறேன், தோட்டத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு நீ தெரிந்துதான் ஆக வேண்டும்.

லயத்தில் என் வீட்டு வாசலில் யாரும் நிற்பதில்லை. "நீ படிச்சிட்டுப் போயிருவ. நாங்க இங்கனயே கெடக்கணும். எங்க பொழப்புல ஏன் மண்ண அள்ளிப் போட்ட?" என்று மேல்வரிசை ராணி கேட்டாள். இப்போது பெரட்டில் அடையாள அட்டையை வாங்கிப் படத்தை முகத்தோடு ஒத்துப் பார்க்கிறார்களாம். கருப்பை எடுத்த ராணி இருபதாம் நாளே கொழுந்துக்குப் போகிறாள், அவள் பேருக்குப் போக ஆள் இல்லை. அது என்னால்தான்.

நித்யாவிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "போன வருசமே சொல்லியிருக்கணும் சித்தி. இப்பச் சொல்லி, இருக்கிற கூலியும் போச்சு." அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் விசாரணைக்கு வந்தாள்.

லேபர் ஆபீசில் மாடியில் ஒரு அறை. எஸ்டேட் தரப்பில் வக்கீல் வந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை அதிகாரி சத்தமாக வாசித்தார். பிறகு நித்யாவைக் கூப்பிட்டு, "மரிச்ச ஆளுடெ பேரு?" என்று கேட்டார்.

"பேச்சியம்மாள்."

"ஜோலி?"

"கொழுந்தெடுக்குற வேலை" என்றாள். அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். "எங்கம்மா வெறகுக்குப் போகல சார். எங்க வீட்டுல கேஸ் அடுப்பு. ஒரு வருசமா எல்லாரும் வெறகு வெறகுன்னு சொல்றாங்க. எங்க அடுப்பு என்னன்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல."

அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று நினைக்கிறாய்? அதிகாரியை இல்லை. அவள் உட்கார்ந்த பிறகும் என்னால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. திரும்பி வரும்போது ஒரே பஸ்தான். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன்.

இப்போது இருப்பதைச் சொல்கிறேன். எஸ்டேட் மறுத்திருக்கிறது. வழக்கு வருஷக்கணக்கில் போகும் என்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், சர்வீஸ் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் கடைசி வருஷப் பீஸ் கட்டவில்லை. தேர்வுக்குப் பணம் கட்டும் தேதி வரை வார்டுக்கு வரலாம் என்று பிரின்சிபால் சொல்லியிருக்கிறார், மேலிடத்தில் என்ன முடிவு செய்வார்களோ தெரியாது. போடியில் ஒற்றை அறை பார்த்திருக்கிறோம். நித்யா சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புத் துவைக்கப் போகிறாள். அங்கே அவளை அவள் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். அனுவிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அக்கா. கேட்டால் நீ யோசிக்காமல் "சரி விடுடி" என்பாய். நானும் விட்டுவிடுவேன்.

நர்ஸ் ஆவேனா என்று தெரியாது. அதை உனக்கு வாக்காகத் தர முடியாது. தர முடிந்தது ஒன்றுதான். விசாரணைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும், எத்தனை வருஷம் இழுத்தாலும் வருவேன். நித்யா பெஞ்சின் அந்தக் கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரட்டும். கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்று, நீ வேலையில்தான் செத்தாய் என்று சொல்வேன். விறகு என்று சொன்னது யார் என்று கேட்டால், அதையும் சொல்வேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
மகேஸ்வரி